மூன்றாம் குழாய்

சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மனைவி தனக்கு வந்த மெமோவை உரக்க வாசித்தபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கரியின் ஈரத்தைத் தவறாகக் குறித்ததால் ஊதுலை குளிர்ந்து நான்கு நாள் நின்றது. உங்களை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது. நாளை காலை பத்து மணிக்குள் விளக்கம் வேண்டும். அவருக்கு நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். ஒன்றுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மிச்சத் தண்ணீரையும் குடித்தார்.

இருவருக்கும் ஒரே இரும்பாலை. கல்லுக்குள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனை, சுட்ட கரி பிடுங்கிக்கொண்டு போகும். இரும்பு உருகிக் கீழே இறங்கும். அந்த ஆலையின் மொத்த மாயமும் இவ்வளவுதான். கரி ஈரமாக இருந்தால் உலையின் சூடு தண்ணீர் காய்ச்சவே சரியாகிவிடும். அதனால் வருகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு கூடை எடுத்து, நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுத்து ஈரத்தைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் வேலை அது. வீட்டில் உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவாள் என்று அவர் கேலி செய்வதுண்டு.

அவருடைய வேலை வெறுமனே பார்ப்பது. உலையைச் சுற்றிக் காற்று ஊதும் குழாய்கள் இருபது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நீலக் கண்ணாடி. உள்ளே கரித்துண்டுகள் வெளிச்சத்தில் குதித்துக்கொண்டிருந்தால் போனில் “ஆடுது” என்று சொல்ல வேண்டும். இருட்டாக இருந்தால், குழாயைக் குளிர வைக்கிற தண்ணீர் உள்ளே ஒழுகுகிறது. உடனே சொன்னால் உலை பிழைக்கும்.

இரண்டு வருஷமாக அவர் கண்ணில் புரை. தெரிந்தால் அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டுச் சோதனையில் பலகையின் எழுத்துகளை வாய்ப்பாடு போல ஒப்பித்துத் தப்பியிருந்தார். உலை நின்ற அன்று காலை மற்றதெல்லாம் மங்கலாகவாவது தெரிந்தது; மூன்றாம் குழாய் இருட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பாழாய்ப்போன புரை இன்னும் முற்றிவிட்டது என்று நினைத்து, “எல்லாம் ஆடுது” என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் உலை உறைந்து, ஏழு குழாய்கள் வெடித்து ஒழுகின. எது முதலில் ஒழுகியது என்று சொல்ல அவரைத் தவிர ஆளில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“நாலு சதவீதம்னு எழுதினேன். நாலுதான் இருந்துச்சு,” என்றாள். “மூணு தடவ காயவெச்சுப் பாத்தேன்.”

“தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ தப்பா நிறுக்க மாட்ட.”

சொல்லிவிடலாம் என்று இருந்தது. வெட்கமோ பயமோ வந்திருந்தால் அதன் வேகத்திலேயே சொல்லியிருப்பார். இரண்டும் வரவில்லை. அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

அவள் ஒரு தாளை நீட்டினாள். “இத ஒரு தடவ பாருங்க.”

ஜன்னல் வெளிச்சம் கண்ணில் கூசியது. தாளை வாங்கி, படிக்க ஆகும் நேரம் முழுவதும் கையில் வைத்திருந்தார். நடுவில் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார்.

“நல்லா எழுதியிருக்க. இதையே குடுத்துடு.”

அவள் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதுல இன்னும் ஒண்ணும் எழுதலங்க.”

குரலில் கோபமில்லை. எடை பார்த்துச் சொல்கிற குரல்தான். அவர் தாளைப் பிடித்தபடியே இருந்தார்.

“எந்தக் குழாய்?” என்று கேட்டாள்.

“மூணாவது.”

அவள் தாளை அவர் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி, இரண்டு வரி. எங்கும் நிறுத்தி யோசிக்கவில்லை. அவர் எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குத் தாள் வெள்ளையாகவே இருந்தது.