சுரங்கக் காற்றுக்கு நெய்த பட்டுப்பாய்

1994 ஆடியில், வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கிய சுந்தர்ராமனின் பின்னாலேயே அந்தச் சுரங்கத்தின் காற்றும் இறங்கி, அவர் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் குடியேறியது. டிக்கெட் எடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை. சுரங்கத்துக்குள் ஆட்கள் மூச்சுவிட்ட பழைய காற்றை விசிறி வைத்து வெளியே தள்ளுவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். பழகிய பாசம் லேசில் விடுமா? சாரல் காற்று என்றுதான் தெருவில் முதலில் நினைத்தார்கள். வெதுவெதுப்பும் ஈரக்கரி வாடையும், நடுநடுவே யாரோ இந்தியில் தும்முகிற சத்தமும் வந்த பிறகு, சரி, மாமாவோடு வந்ததுதான் என்று விட்டுவிட்டார்கள். கிணற்றடியில் காயப்போட்ட வேட்டி கோபுர உயரத்துக்குப் போய்விட்டு, காய்ந்ததும் இறங்கி வந்தது.

அவர் மனைவி மஹாலக்ஷ்மிக்குத்தான் வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து லீவில் மட்டுமே பார்த்த புருஷன் இப்போதுதான் ஒரேயடியாக வந்திருக்கிறார். அதற்குள் சுரங்கத்திலிருந்து தந்தி: எங்கள் காற்று இந்தப் பக்கம் வருவதில்லை. அதிலுள்ள மீத்தேன் வாயுவைப் பிரித்தெடுப்பதாக மேலிடத்தில் சொல்லித் தொலைத்துவிட்டோம். தீபாவளிக்குள் அங்கேயே பிரித்துக் காட்டவும், முடியாவிட்டால் காற்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரவும்.

"ஏன்னா, இன்னொரு தடவை உங்களை ரயிலேத்தி விட என்னால முடியாது" என்று மஹாலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காரியம் சுலபமில்லை. நூறு குடம் காற்றில் அரைக் குடம் வாயு தேறினால் பெரிது. கிட்டே தீக்குச்சியைக் கொண்டுபோனால் தீக்குச்சிதான் எரிந்தது. காற்றைப் போகவிட்டு வாயுவை மட்டும் நிறுத்திவைக்கிற சவ்வு வேண்டும் என்றார் சுந்தர்ராமன். பிளாஸ்டிக் தாள், குடைத்துணி என்று கிணற்றின் வாயில் கட்டிப் பார்த்தார். குடைத்துணி கல்லிடைக்குறிச்சியில் போய் விழுந்தது. புரட்டாசியும் முடிந்தது. மஹாலக்ஷ்மி பஸ் ஏறிப் பத்தமடைக்குப் போனாள். கோரையை நூலாகக் கிழித்து, ஆற்றில் ஊறவைத்து, பட்டுப் போலக் கல்யாணப் பாய் நெய்கிற ஜுபைதா பீவியிடம் கிணற்றளவுக்கு ஒரு பாய் கேட்டாள்.

"பேரு போடாம பட்டுப்பாய் நெய்யுற வழக்கம் எங்ககிட்ட இல்ல மாமி. பொண்ணு மாப்பிள்ளை பேரச் சொல்லுங்க."

மஹாலக்ஷ்மி யோசிக்காமல் இரண்டு பேரையும் சொன்னாள்: மீத்தேன், காற்று.

சிவப்புக் கோரை எழுத்தில் இரண்டு பேரும் நெய்த பாயை நல்ல நேரம் பார்த்துக் கிணற்றின் மேல் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் அது பூரி மாதிரி உப்பியது. காற்றும் போகவில்லை, வாயுவும் பிரியவில்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. ஆள் அனுப்பியதும் ஜுபைதா பீவி வந்து பார்த்துத் தாடையில் கைவைத்தாள்.

"சேத்து வைக்கத்தானே மாமி பாய் நெய்யுதோம்! பிரிச்சு வைக்கணும்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே!"

மஹாலக்ஷ்மிக்கு வந்ததே கோபம். "பிரிஞ்சு இருக்கறதைப் பத்தி என்னைக் கேளு, நான் சொல்றேன்! யாரு தங்கணுமோ அவா பேரு மட்டும் இருக்கட்டும். காத்தோட பேரை உருவிடு. அது போகட்டும், இவர் இருக்கட்டும்!"

அங்கேயே உட்கார்ந்து ஜுபைதா பீவி எழுத்தெழுத்தாக உருவி, வெறுங்கோரை கோத்தாள். கடைசி எழுத்து வந்ததும் காற்று ஒரு பெருமூச்சு விட்டது. பாயின் இழைகளினூடே நுழைந்து மேலே போய், பொதிகைப் பக்கம் திரும்பியது. சுவர் பைய இறங்கி உட்கார்ந்தது. பாயின் அடியில் தங்கிய வாயுவைக் குழாய் வைத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தார் சுந்தர்ராமன். அடுப்பு நீலமாக எரிந்தது. அன்று முதல் வடக்கே கரி வெட்ட வெட்டப் புதுக் காற்று கிணற்றுக்கு வந்து, வாயுவைப் பாயடியில் விட்டுவிட்டு மேலே போனது. தீபாவளிப் பட்சணம் அதில்தான் ஆனது. சுரங்கத்திலிருந்து பதில் தந்தி வந்தது: மகிழ்ச்சி, நீங்களும் காற்றும் அங்கேயே இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வடக்கே கரி வெட்டுவதில்லை என்பதால் வாயு வராது. அன்றைக்கு விறகடுப்புத்தான். சுந்தர்ராமன் ஊதுகுழலோடு உட்கார்ந்து, கண்ணெல்லாம் சிவக்க ஊதுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஒரு சிலிண்டருக்கு எழுதி வைக்கட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மஹாலக்ஷ்மி, அவர் பக்கத்தில் மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எனக்கு அவசரமே இல்லை. நிதானமா ஊதுங்கோ."