மடிப்புக் கோடு

நெவில் கையிலிருந்த அலுமினியப் பட்டை டிக்கென்று முறிந்து, ஒரு துண்டு காரேஜ் தரையில் விழுந்தது. பக்கத்துக் கரும்புத் தோட்டத்து ஆர்ச்சி குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஊசியால ஒரு கோடு கீறிவெச்சா போதும், தகடு அங்கதான் விட்டுரும். கீறாத பட்டை எத்தன மடக்கு தாங்குச்சு! அதான் நம்ம வீட்டுல மடிப்புக் கோடுன்னா பேனா மட்டுந்தான். வேணும்னா அக்காவக் கேளுங்க" என்றான் நெவில்.

நான் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

"என்ன மெர்ல், மூஞ்சி வெளுத்துப்போச்சு? சனிக்கிழம தம்பி ஒரேயடியா பறந்துருவான்னு பயமா?" என்றார் ஆர்ச்சி. நெவில் சிரித்தான். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

எங்கள் ஊர் பண்டபர்க்கில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு உடுப்பு தைத்தவள் நான். ஆறு வருடத்துக்கு முன் என் தம்பிக்கு காரேஜிலேயே சொந்தமாக விமானம் கட்டும் இந்தப் பைத்தியம் பிடித்தபோது, பாகங்களை இணைத்துப் பிடிக்கும் சின்னச் சின்னத் தாங்கித் தகடுகளை மடித்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பேனாவால்தான் கோடு போட வேண்டும் என்று முதல் நாளே சொன்னான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேனாக் கோட்டுக்குத் தடிமன் உண்டு. அதில் எந்த ஓரத்தில் மடிப்பது? தையல்காரிக்கு அது மானப் பிரச்சினை. அவன் மேசை இழுப்பறையில் கூரான கீறுமுள் ஒன்று கிடந்தது. அதை வைத்து முடி மாதிரி மெல்லிசாக இழுத்தேன். அளவு அச்சு அசலாக வந்தது. மடித்த பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரால் கீறலைத் தேய்த்துவிட்டு, அவன் கொடுத்த பச்சைப் பூச்சை அடித்துவிடுவேன். விமானச் சங்கத்திலிருந்து சோதிக்க வந்தவர்கூட, மேல் தகடு மூடுவதற்கு முன் பார்த்துவிட்டு, என் மடிப்புகளைப் பாராட்டினார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நெவில் ரகசியம் கேட்டான். தொழில் ரகசியம் என்று மழுப்பினேன்.

இன்று வியாழன். சனிக்கிழமை காலை அவன் முதல் தடவையாக இந்த விமானத்தில் ஏறிப் பறக்கப் போகிறான். ஒருவேளை நார் போட்டு நன்றாகத் தேய்த்திருப்பேனோ, தகடு தடிமன்தானே, ஒன்றும் ஆகாதோ என்று மனசு எனக்காக வக்காலத்து வாங்கியது. சொன்னால் அவனுடைய ஆறு வருடம் போச்சு. சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

ஆர்ச்சியின் வண்டி தெரு முனை திரும்பும்வரை பொறுத்திருந்து சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை நெவில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மடிப்புக்கு உள்பக்கமா கீறுன, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம். அப்பதான்டா கோடு தெரியும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "மடிச்சா இழுபடுறது அந்தப் பக்கந்தான்க்கா, விரிசலும் அங்கதான் விடும்" என்றான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"டேய், திட்டுடா."

"திட்டுறேன்க்கா. மொதல்ல எத்தனன்னு சொல்லு."

எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இன்னும் கூச்சமாக இருந்தது. அவன் எழுந்துபோய் நீல டேப் சுருளை எடுத்துவந்து என் கையில் வைத்தான்.

"எங்கெங்க இருக்குன்னு ஒட்டிட்டே வா."

விமானத்தின் வாலில் இரண்டு ஒட்டினேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு மூன்று. சக்கரத்துக்கு மேலே ஒன்று. வெள்ளை உடம்பில் நீலத் துண்டுகள் கூடிக்கொண்டே போயின. நெவில் என் பின்னாலேயே வந்தான். கடைசியில் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால், அவன் தோள் பெல்ட்டை மாட்டும் தகட்டை விரலால் தடவினேன்.

"இதுவுமா?" என்றான்.

டேப்பைக் கிழித்தேன். அது தகட்டில் பிடிக்காமல் என் விரலையே சுற்றிக்கொண்டது. உதறினேன். போகவில்லை.