சிவப்புக் கோட்டுக்கு மேலே

தேங்காய் நாரில் பாத்திரத் தூளைத் தொட்டு, கண்ணாடித் தம்ளரின் வெளிப்புறத்தை இசக்கிசெல்வி அழுத்தித் தேய்த்தாள். பாதி உயரத்தில் இருந்த சிவப்புக் கோடு போகமாட்டேன் என்றது. அவளே நகப்பாலிஷால் இட்ட கோடுதான். அந்தக் கோடு வரை தண்ணீர், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. அதற்கு மேல் உள்ளே போனால் அப்பாவின் நெஞ்சில் போய்க் கட்டிக்கொள்ளும் என்று டயாலிசிஸ் நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் ஆறாவது தம்ளரைக் கொடுத்தது செல்விதான். கோட்டுக்கு மேலே, விளிம்பு வரை. அம்மா ஹோட்டல் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. விடியும்போது அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஆட்டோ வருவதற்குள் நின்றும் விட்டது. ஆறாவது தம்ளரைப் பற்றி யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

“ஏட்டி செல்வி, அங்கன என்னட்டி பண்ணுதே?”

வள்ளியூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்த பகவதியம்மாள் அத்தை, புறவாசலில் தலையை நீட்டினாள். அப்பாவின் அக்கா.

“கிளாஸ் கழுவுதேன் அத்தை.”

“பெட்டிக்குள்ள அவன் கிடக்கான். ஒத்தைக் கிளாஸ இம்புட்டு நேரமா கழுவுவாவ? இந்தா, ஒங்கப்பன் போனு. அடிச்சிக்கிட்டே கெடக்கு. கேக்கறவங்ககிட்ட மூணு மணிக்கு எடுக்கோம்னு சொல்லு.”

போனை வாங்கிக் குழாய்த் திண்டில் வைத்தாள். முன்னறையிலிருந்து லிங்கம் மாமாவின் குரல் கேட்டது. அப்பாவோடு லாட்ஜில் வேலை பார்த்தவர். துக்க வீட்டில் சிரிப்பு மூட்டாமல் அவருக்கு இருக்க முடியாது.

“ரூம் இருக்கான்னு ஒருத்தன் வந்து கேட்டா, சாவியை எடுத்துக் குடுக்கணும்லா? இவன், ‘ரெண்டு சாவி இருக்கு, எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க’ம்பான். வந்தவன் பயந்துபோய் அடுத்த லாட்ஜுக்குப் போயிருவான்.”

யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக்கிக்கொண்டார்கள்.

அப்பா வன்னியராஜ், தம்பானூரில் இருபத்திரண்டு வருடம் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்தவர். உடம்பு விழுந்து கரமனை வீட்டோடு முடங்கியபின் ஃபேஸ்புக்கில் ‘மூன்றாம் மாடி’ என்று ஒரு பக்கம் திறந்தார். பாழடைந்த ஒரு லாட்ஜ். அதில் தங்க வந்த ஆள் ‘நீங்கள்’. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு வரி வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றே: என்ன செய்கிறீர்கள்? படிக்கிறவர்கள் கீழே எழுதுவார்கள். மாலை ஆறு மணிக்குள் எந்தப் பதிலுக்கு லைக் அதிகமோ, கதையில் அதுதான் நடக்கும். அதை வைத்து அப்பா அடுத்த நாலு வரியை அன்றைக்கே எழுதி, மறுநாள் பன்னிரண்டுக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவிடுவார். விளையாடுகிறவர்கள் அவரை ‘மேனேஜரே’ என்று கூப்பிட்டார்கள்.

ஒரு தடவை, கதையில் கூடவே வந்த பூனையை லிஃப்டுக்குள் விட்டுவிடச் சொன்னது கூட்டம். அப்பா அன்று சாப்பிடவில்லை. ஆனாலும் விட்டார்.

“கூட்டம் சொன்னா சொன்னதுதாம்ட்டி. நான் மாத்துனேன்னா அப்புறம் அது வெளையாட்டே இல்ல.”

செல்வி அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. பூனைக்குப் பிறகு படிக்கவில்லை.

திண்டில் போன் அதிர்ந்தது. அழைப்பு அல்ல. திரையில் ‘மூன்றாம் மாடி’ என்றிருந்தது. மணி பன்னிரண்டு.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

*குடித்தீர்கள். ஒரு சொட்டு மிச்சமில்லை. இப்போது கட்டிலில் நீங்கள் இல்லை. அந்தப் பெண் புறவாசல் குழாயடியில் குனிந்து, தம்ளரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறாள். உங்களுக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?*

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. நாரைத் திண்டில் போட்டுவிட்டு, திரையை மேலே தள்ளி நேற்றைய வரிகளைத் தேடினாள்.

*வெள்ளம் மூன்றாம் மாடிப் படியைத் தொட்டுவிட்டது. நீங்கள் கட்டிலில். கதவருகே ஒரு பெண். கையில் ததும்பத் ததும்ப ஒரு தம்ளர். என்ன செய்கிறீர்கள்?*

நேற்றுப் பகல் பன்னிரண்டு. அதாவது, முந்தாநாள் எழுதியது. அவளுக்குத் தம்ளர் நினைப்பே வராத நேரம்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா போனைப் பார்த்தபடியே, “செல்வி… வெள்ளம்,” என்றார். வீட்டில் எப்போதும் தண்ணி என்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரி வாசம் ஏறியபிறகு மலையாள நர்ஸுகள் மாதிரி தண்ணீரை வெள்ளம் என்றும் கேட்கப் பழகியிருந்தார். உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நிறைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் தம்ளரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பயந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒரு மாதிரி சிரித்து வாங்கிக் குடித்தார்.

அவர் தண்ணீர் கேட்கவில்லை. படியேறி வந்த வெள்ளத்தைச் சொல்லியிருக்கிறார்.

நேற்றைய பதில்களுக்குப் போனாள். ‘கதவை அடை’க்கு நூற்று நாற்பது. ‘அவ யாருன்னு கேளு’வுக்கு இருநூறு சொச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, விழிஞ்ஞத்திலிருந்து சஜி என்று ஒருவர்: ‘வாங்கிக் குடி மேனேஜரே. அவளுக்கு கை நோவும்.’ முந்நூற்றுப் பதினெட்டு பேர் ஆமாம் என்றிருந்தார்கள்.

“மோளே.” பக்கத்து வீட்டு ஷைலஜா சேச்சி பால் விடாத கட்டஞ்சாயாவோடு நின்றாள். “இது குடிக்கு. ராவிலே தொட்டு ஒந்நும் கழிச்சில்லல்லோ நீ.” காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லைதான்.

“வேண்டாம் சேச்சி.”

“தலை சுத்தி வீழும் கேட்டோ. பிடி.”

பிடித்தாள். குடிக்கவில்லை. தம்ளரை நாரோடு திண்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் தைக்காட்டு மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அம்மா மாடம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, பேசவுமில்லை. செல்வி மூலையில் உட்கார்ந்து, போனை மடியில் மறைத்து, பதில்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

‘அவளை கூப்பிடு.’

‘பின்னாடி போய் நில்லு, பயந்து சாவட்டும் ஹஹஹ.’

‘அவ ஏன் தேய்க்கிறான்னு கேளு மேனேஜரே. என்னமோ மறைக்கிறா.’

இந்தக் கடைசிக்கு நாலரை மணி வரைக்கும் லைக் ஏறிக்கொண்டே போனது. இருநூறு. இருநூற்று அறுபது. ஒவ்வொன்று ஏறும்போதும் செல்வி போனைக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தினாள். மேனேஜர் செத்துப்போனது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எழுதிச் சொல்லிவிடலாம். பக்கத்தையே அழித்துவிடலாம். பாஸ்வேர்டும் அவளுக்குத் தெரியும். விரல் இரண்டு தடவை அந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. கூட்டம் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்தே காலுக்கு சஜி வந்தார். ‘பாவம், அதை ஒண்ணும் கேக்காண்டாம். இன்னும் ஒரு தம்ளர் வெள்ளம் கேளு. நல்லா இருந்துச்சுன்னு சொல்லு.’

முதலில் பன்னிரண்டு. பிறகு எண்பது. ஆண்கள் குளித்துத் தலை துவட்டி வாசலுக்கு வந்தபோது இருநூற்று ஐம்பது. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், முந்நூற்று இரண்டு. மற்றது முந்நூற்றில் நின்றது. ஆறு அடித்தது. சஜியின் பதில்தான் ஜெயித்திருந்தது.

“செல்வி, தலமாட்டுல வெளக்கு ஏத்தி, பக்கத்துல தண்ணி வையிட்டி,” என்றாள் அத்தை. “அவன் வந்து பாத்தா நாக்கு நனைக்க இருக்கட்டும்.”

“செம்புலயா அத்தை?”

“எதுலயாவது வையி.”

புறவாசலுக்குப் போய்த் தம்ளரை எடுத்தாள். கோடு பாதி அழிந்து, பாதி இருந்தது. குடத்திலிருந்து சாய்த்து ஊற்றினாள். கோட்டைத் தாண்டியும் ஊற்றினாள். ததும்பியதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, அப்பா கிடந்த இடத்தில், விளக்குக்கு இடப்பக்கம் வைத்தாள். தரையில் கொஞ்சம் சிந்தியது.

அம்மா தம்ளரையே பார்த்தாள்.

“கோட்டுக்கு மேல ஊத்திட்டியே,” என்றாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு.

செல்வி நின்றாள்.

அம்மா வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

“இருக்கட்டும்,” என்றாள்.

செல்வி அடுக்களைக்குள் போய், போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினாள். எல்லாரும் வாசலில் இருந்தார்கள். அம்மா சுவரில் தலைசாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

தம்ளர் விளக்குக்கு வலப்பக்கம் இருந்தது; தண்ணீர் கோட்டுக்கு இறங்கியிருந்தது. இடப்பக்கத்தில், அவள் வைத்த இடத்தில், தரையில் வட்டமாக ஓர் ஈரம் இன்னும் காயாமல் கிடந்தது.