இன்னும் வரலை

"ஒருக்களிச்சுப் படுங்க டீச்சர். இந்தப் பக்கம். அவ்வளவுதான்."

ஒரு கையால் மனைவியின் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஈரமான விரிப்பை அவன் மெல்ல உருவினான். கட்டிலின் அந்தப் பக்கத்தில் மகள் உலர்ந்த விரிப்பைச் சுருட்டிப் பிடித்தபடி தயாராக நின்றாள். பழையது போகப் போகப் புதியது வர வேண்டும். இருவருக்கும் அந்த வேலை கைவந்திருந்தது. பேச்சே தேவைப்படவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பாடம் நடத்திய பள்ளியில் லிஃப்ட் மாட்ட வந்த மெக்கானிக் அவன். அன்றைக்கு மற்றவர்களைப் பார்த்து டீச்சர் என்று கூப்பிட்டவன், கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

விரிப்பை மாற்றி முடித்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது.

"வந்துச்சா?"

"இன்னும் வரல."

"ஃபோன் பண்ணிக் கேட்டீங்களா?"

"காலைலயே கேட்டாச்சு. இந்த வாரத்துக்குள்ள வந்துரும்னு சொல்றாங்க."

"போன வாரமும் அதான் சொன்னாங்க" என்றாள் மகள், விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டே. "அங்க உக்காந்து என்னதான் பண்றாங்களோ."

அவன் ஈர விரிப்பைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனான். போகிற வழியில், கதவோரம் கிடந்த தன் டூல்ஸ் பையைப் பார்க்காமல் தாண்டினான். விசா வந்துவிட்டிருந்தது. ஸ்பேனர்களுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மனைவியின் பாஸ்போர்ட் கிடந்தது.

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் கிடைத்த அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டது சம்பளத்துக்காக இல்லை. நேர்காணல் வீடியோவில் நடந்தது. முடியும் நேரத்தில், அந்த நாட்டுத் தலைமை ஆசிரியை கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் இயற்பியல் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். அன்று முழுக்க அவள் அதைப் பற்றியே பேசினாள். "அலமாரில ஒண்ணுலகூட பூட்டு இல்லங்க. ரெண்டு ரெண்டு பசங்களுக்கு ஒரு செட்டு. எங்க ஸ்கூல்ல ஒரே ஒரு லென்ஸ வெச்சுக்கிட்டு, தூரமா நில்லு, தொடாத, தொடாதன்னு சொல்லியே என் தொண்ட போச்சு." அங்கே பிள்ளைகள் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்களாம் என்று தெரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். "என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பியே பாக்க மாட்டேன். எனக்கே மறந்து போச்சு."

வேலையை விட்டாள். சான்றிதழ்களையெல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படியே மாற்றி வாங்கினாள். விசாவுக்கு விண்ணப்பம் போனது. பிறகு காத்திருப்புதான். பெட்டி பாதி அடுக்கியபடி அலமாரி மேலேயே இருந்தது. அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் வயிற்று வலி வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கவலை, அலைச்சல் என்று என்னென்னவோ சொல்லித் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரல்வரை பரவிவிட்டது என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாமப் பாத்துக்குங்க."

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தினமும் காலையில் "வந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே எழுந்திருப்பதுபோல இருந்தது.

விசா மையத்திலிருந்து அவன் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்த அன்று, வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அதை வாங்கினான். வெளியே படிக்கட்டில் நின்று பிரித்துப் பார்த்தான். ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது, அவள் படத்தோடு. கை தானாகவே ஃபோனை எடுத்து அவள் எண்ணை அழுத்தப் போய்விட்டது. அப்போதுதான் அவள் இப்போது எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பது அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஊரின் அந்தக் கோடியில் இருந்தாலும் 'இதோ வந்துட்டேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வருகிறான் என்று தெரிந்தால் உள்ளே இருப்பவர் உட்கார்ந்து காத்திருப்பார். யாரும் வரவில்லை என்று தெரிந்தால்தான் கதவைப் பிறாண்டுவார், மூச்சுத் திணறும். அவளிடம் விசாவைக் காட்டினால், காத்திருக்க இனி அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவன் அப்படித்தான் நினைத்தான். பாஸ்போர்ட்டை ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

மதியம் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மகள் குளிக்கப் போனாள். ஜன்னல் திரை வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவள் விரலை அசைத்து அவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"சொல்லுங்க டீச்சர்."

"வந்தா... ஒரு தடவ காட்டுங்க."

"வந்தா காட்டாம? உங்களுக்குத்தான முதல்ல."

"போகணும்னு இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது எனக்குத் தெரியாதா. சும்மா பாக்கணும். அதுல என் ஃபோட்டோ எப்படி வந்திருக்குன்னு. காது தெரியணும்னு அந்த ஸ்டூடியோக்காரன் முடிய இழுத்துக் கட்டச் சொன்னான். திருடி மாதிரி இருப்பேன்."

சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

போக முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே. அப்படியானால் இத்தனை நாளும் எதை எதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தான்? எழுந்தான். கதவோரம் போய்க் குந்தி உட்கார்ந்து பையின் ஜிப்பை இழுத்தான். பாதிதான் திறந்திருக்கும், சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

விடுப்பில் இருக்கிறான் என்பது கம்பெனிக்குத் தெரியும். கட்டடக் காவலாளிகளுக்குத் தெரியாது. வழக்கமாகக் கூப்பிடுகிற எண்ணையே கூப்பிட்டார்கள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"எடுங்க" என்றாள் அவள். "யாரோ மாட்டிக்கிட்டிருப்பாங்க."

எடுத்தான். "அண்ணே, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுருச்சுண்ணே. உள்ள ஒரு அம்மா ஒத்தையில இருக்காங்க. ஒரே கத்தலு. நீங்களே சொல்லுங்கண்ணே, இண்டர்காம் கிட்ட ஃபோன வெக்கிறேன்."

அவளுக்குச் சத்தம் கேட்க வேண்டாம் என்று பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"அம்மா, பயப்படாதீங்க. நான்தான் லிஃப்ட் மெக்கானிக் பேசுறேன். இதோ வந்துட்டே இருக்கேன்."

"மூச்சு முட்டுதுப்பா. செத்துருவேன் போலிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. மேல காத்து வர ஓட்ட இருக்கு, நானே விட்டதுதான். கதவத் தள்ளாதீங்க. அப்படியே கீழ உக்காந்துக்குங்க. உக்காந்தாச்சா? உங்க பசங்க எத்தன பேரு?"

அந்தப் பெண் அழுகைக்கு நடுவே பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மூத்தவன், இளையவள், அவர்களுடைய படிப்பு. கேட்டுக்கொண்டே பேச்சை நீட்டினான். குரல் தணிந்ததும் வைத்துவிட்டு, அந்தப் பக்கமாக வேலையில் இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டான். அவன் உடனே எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கட்டடம் எது, சாவி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா."

மகள் கத்தவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தாள். அவன் திரும்பியபோது, மறுபடியும், இன்னும் மெதுவாக, "அப்பா" என்றாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. டீச்சரோடு வேலை பார்த்த ஆசிரியைகள் பள்ளி முடிந்த கையோடு கைப்பைகளுடன் வந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் டீச்சருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தபடி கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

"ஒண்ணும் சொல்லல மச்சான். ஃபோன் வந்துச்சு. எடுங்கன்னு சொன்னா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அந்த விசா மட்டும் வந்திருந்தா, கண்ணால பாத்துட்டாவது போயிருப்பா. நாசமாப் போறவனுங்க. ஒரு தாள ஒட்டிக் குடுக்க இத்தன மாசமா?"

"ஆமா மச்சான்" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்குப் புரிந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மகளும் "ஆமா மாமா" என்றாள்.

மறுநாள் காலை நகராட்சி அலுவலகம் திறக்கிற நேரத்துக்கே அவனும் மகளும் போனார்கள். எரியூட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு மற்ற வேலைகளுக்குப் போய்விட்டதால் பேருந்தில் போனார்கள். வீடு நிறைய ஆட்கள். யாராவது பையை நகர்த்தி வைக்கப்போகிறார்கள் என்று அவன் விடியும்போதே பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்திருந்தான். உடம்பு வேர்த்து அந்த உறை மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் டாக்டர் கொடுத்த தாளையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. காலையிலேயே களைத்துப் போன முகம்.

"பேரு இதுல ஒரு மாதிரி இருக்கு, அதுல ஒரு மாதிரி இருக்கேம்மா."

"டாக்டர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி எழுதியிருக்காரு சார்" என்றாள் மகள். "அம்மா எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்திட்டாங்க. இந்தக் கார்டு மட்டும்தான் மாத்தல."

"அப்ப பாஸ்போர்ட்டக் காட்டுங்க. பாத்துட்டுக் குடுத்திடறேன்."

"பாஸ்போர்ட் விசாவுக்குப் போயிருக்கு சார். இன்னும் வரல."

"அது இல்லாம எப்படிம்மா? நாளைக்கு யாராவது கேட்டா நான்தான பதில் சொல்லணும். இல்லன்னா டாக்டர்கிட்டயே போய் மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க."

"டாக்டர் இன்னிக்கி ஊர்லயே இல்ல சார். வீட்ல எல்லாரும் காத்திருக்காங்க சார்..." அவள் குரல் உடைந்தது. நேற்றிலிருந்து அதுவரை அவள் அழுதிருக்கவில்லை.

அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். கையை உள்ளே விட்டு உறையை எடுத்து, பாஸ்போர்ட்டை உருவி மேசைமேல் வைத்தான். மகளைப் பார்க்கவில்லை. எழுத்தரின் கையையே பார்த்தான்.

எழுத்தர் முதல் பக்கத்தைத் திறந்து பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். "சரியா இருக்கு" என்றார். பிறகு, எழுத்தர்களுக்கே உரிய பழக்கத்தில், மற்ற பக்கங்களையும் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"விசாதான் வந்திருக்கேம்மா. போன மாசமே குடுத்துட்டாங்க." நிமிர்ந்தார். "வேலைக்கா?"

மகள் மேசைமேல் குனிந்தாள். பார்த்தாள். முடியை இறுக்கி இழுத்துக் கட்டி, இரண்டு காதும் தெரிய, சிரிக்கக் கூடாது என்று சொன்னதால் சிரிக்காமல் இருந்த அம்மாவை.

"ஆமா சார்" என்றாள். "டீச்சர் வேலைக்கு."

எழுத்தர் சீட்டை எழுதி, முத்திரை குத்தி, ஈரம் காய இரண்டு தடவை ஊதிவிட்டு நீட்டினார். மகள் அதை வாங்கிக்கொண்டாள். பாஸ்போர்ட்டைத் தொடவில்லை.

படிக்கட்டில் அவள் அவனுக்கு முன்னால் இறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள், திரும்பாமல்.

"நேத்து காலைல கூட கேட்டாங்கல்லப்பா."

காட்டத்தான் போனேன், ஜிப்பைக்கூடத் திறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். நடந்தது அதுதான். ஆனால் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தபோது அவனுக்கே அது இன்னொரு பொய்போலக் கேட்டது. வாயை மூடிக்கொண்டான். அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

பேருந்தில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. முன்வாசலில் ஏறியவள், நடுவில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் அவளைத் தாண்டிப் போய், பின்னால் இரண்டு பேர் உட்காருகிற இருக்கையில், ஜன்னல் பக்கத்தைக் காலியாக விட்டு, ஓரமாக உட்கார்ந்தான். அங்கிருந்து அவளுடைய தலையும் ஒரு தோளும் தெரிந்தன. வளைவில் பேருந்து திரும்பியபோது அவள் ஒருதரம் பின்னால் பார்த்தாள். அவன் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டு, மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க யாராவது வராங்களா தம்பி?"

"இல்லங்க" என்றான். ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான். "உக்காருங்க."