மாற்று ஆள்

திரையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பாமல் லீடு, அட்டைப்பெட்டி செய்யும் அந்தப் புது லைனைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பெட்டி சற்றுக் கோணலாக வந்தாலும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். இயந்திரம் கொடுத்த கம்பெனியில் தானியங்கிப் பிரிவின் தலைமைப் பொறியாளர் என்பதெல்லாம் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது. எல்லோர் வாயிலும் வருவது லீடு மட்டும்தான்.

காலை ஷிப்டு முடியும்வரை லைன் ஒரு தடவைகூட நிற்கக் கூடாது. நின்றால் அன்றைய சோதனை ஓட்டம் செல்லாது, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் சென்சாரில் தூசி, ஒருநாள் மின்சாரம், நேற்று நின்றது எதனால் என்றே தெரியவில்லை. திட்டு வாங்கி அலுத்துப்போன அவருடைய ஆட்கள் இருவரும் அவர் தலையைக் கண்டாலே பேனல் கதவுக்குப் பின்னால் வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

“இன்னைக்காவது கிளம்புவீங்களா? நாளைக்குக் காலைல பாப்பாவுக்கு டான்சில் ஆபரேஷன். அப்பா வந்தாத்தான் டாக்டருக்கு வாயைத் திறப்பேன்னு அடம்பிடிக்கிறா.”

“சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. இது மட்டும் ஓடிட்டா ஃபேக்டரி மேனேஜர் மெஷினை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.” வைத்துவிட்டாள்.

லைன் தானாக ஓடியது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. மடித்த அட்டைகளை இயந்திரத்தின் வாயில் யாராவது அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் நின்றவளை எல்லோரும் பெட்டியக்கா என்றார்கள். ஷிப்டு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தபோது அவள் கையாட்டி லீடைக் கூப்பிட்டாள்.

“சார், கொஞ்சம் நிறுத்துங்க. பாத்ரூம் போகணும்.”

“இப்பவா? உங்க மாத்து ஆள் எங்கக்கா?”

“உங்க மெஷின் வந்ததுமே அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களே. இனிமே ரெண்டு பேர் எதுக்குன்னு.”

அவரே நின்று அடுக்கிவிடலாம். ஆனால் இயந்திரம் கொடுத்த கம்பெனி ஆள் கை வைத்தால் அதுவும் நின்றதாகத்தான் அர்த்தம். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்குங்க. பாப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பல்லைக் கடிச்சா அது நிக்குமா சார்?” என்றாள். பிறகு அடுத்த அட்டைக் கட்டைப் பிரித்தாள்.

அதற்கப்புறம் அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் கால்களைத்தான் பார்த்தார். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றாள். கடைசியில் முழங்கால்களை ஒட்டிவைத்து, இடுப்பை இரும்புச் சட்டத்தில் அழுத்திக்கொண்டாள். கை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பொத்தான் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது. ரயிலை நினைத்துக்கொண்டார்.

சங்கு ஊதியதும் அவள் ஓடினாள்.

மேனேஜர் இறங்கி வந்து லீடின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிரமாதம்! ஒரே ஆளை வச்சு முழு ஷிப்டும் ஓட்டலாம்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே இதான் முறை. நடுவுல நிறுத்தினா, நிறுத்தினவங்க பேர்ல தப்புன்னு ஏறுற மாதிரி புரோகிராம்ல போட்டுக் குடுத்துடுங்க.”

“சார், அந்த அக்கா சோதனைக்காக அடக்கிக்கிட்டு நின்னாங்க. தினமும் அப்படி...”

“இன்னைக்கு முடிஞ்சுதுல்ல?” மேனேஜர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். “போட்டுட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். ரயிலுக்கு நேரமாகுதே.”

லீடு லேப்டாப்பைத் திறந்தார். நாலைந்து வரி வேலைதான். அடித்து முடித்து, திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

அடுத்த ஷிப்டுப் பெண் வெயிலில் நடந்து வந்திருந்தாள். வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். முகம் கழுவிவிட்டு வந்து, மேனேஜர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற பெட்டியக்கா அவள் கையைப் பிடித்தாள்.

“முழுங்கிடாத. நாக்கை மட்டும் நனைச்சுக்க.”

அந்தப் பெண் ஒரு மடக்கு எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மூலையில் இருந்த தொட்டியில் துப்பிவிட்டு, பாட்டிலை மூடி, இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.