பாய்க்கு அடியில்

அபேலுவுக்கு முதலில் வலித்தது முழங்கால்தான், மனது அல்ல. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. விடிவதற்கு முன்பே வந்து, தலித்தாவின் வீட்டு முற்றத்து ஈரப் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தாயிற்று. தலைக்கு மேல் தாழம்பாய். பட்டுத்துணி போல மெல்லிசாகப் பின்னி ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. தம்பி மனைவி லாங்கி கல்யாணமாகி வந்தபோது அவள் வீட்டார் கொடுத்தது. இத்தனை காலம் பெட்டியில் கிடந்ததால் ஏறிய பூச்சி உருண்டை வாசம் மூக்கை அடைத்தது. வலப்பக்கம் தம்பி செமிசி, இடப்பக்கம் லாங்கி. அவர்களுக்கு முன்னால் ஒரு கட்டு விறகும், சுடவைத்து உணவை வேகவைக்கும் அடுப்புக் கற்கள் ஒரு குவியலும். எங்களைச் சுட்டுப் பொசுக்குவதானாலும் இதோ விறகு, இதோ கல் என்று வாயால் சொல்லாமல் சொல்வது. சமோவாவில் இதற்கு இஃபோங்கா என்று பெயர். பாய்க்கு அடியில் இருப்பவர்கள் பேசக் கூடாது. இழவு விழுந்த வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தார்கள் என்று அர்த்தம். தூக்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செமிசியின் மகன் எலியா சனிக்கிழமை சாயங்காலம் குடித்துவிட்டு வண்டியோட்டினான். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி முடிந்து ரோட்டோரமாக நடந்து வந்த பெப்பேயின் மேல் ஏற்றிவிட்டான். தலித்தாவுக்கு அவள் ஒரே மகள். எலியா இப்போது தலைநகர் ஆப்பியாவில் போலீஸ் காவலில் இருக்கிறான். பெப்பேயின் உடலை இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

குடும்பத் தலைவர் என்ற முறையில் பாய்க்கு அடியில் நடுவில் உட்கார வேண்டியவர் அபேலுதான். ஊரில் யாருக்கும் அதில் சந்தேகமில்லை. சந்தேகம் அவருக்குத்தான். ஏனென்றால் ஓய்வு பெற்ற நீதிபதி அபேலு, பாய்க்கு எதிராக இந்தத் தீவில் எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவர்.

பதவியில் இருந்தவரை அவர் அளந்துதான் பேசினார். வழக்கறிஞர்கள் எழுந்து, "எங்க கட்சிக்காரர் வீட்டு ஆளுங்க போய்ப் பாய்க்கு அடியில உட்கார்ந்தாங்க ஐயா, பாயைத் தூக்கிட்டாங்க" என்பார்கள். அவரும் தலையசைத்துத் தண்டனையில் கொஞ்சம் குறைப்பார். எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு கணக்கே அவர் தீர்ப்புகளிலிருந்துதான் உருவானது. மற்ற நீதிபதிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு ரேடியோக்காரர்கள் வந்து கேட்டார்கள். அப்புறம் வாயைப் பிடிக்க ஆள் இல்லை. சட்டமா வழக்கமா என்று நாடே இரண்டுபட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வாரா வாரம் பேசினார். அந்தக் காலத்தில் பாய்க்கு அடியில் போனவனுக்கு உயிர் மிஞ்சும் என்று உத்தரவாதம் கிடையாது, கோடரி விழலாம், எத்தனையோ தலையில் விழுந்தும் இருக்கிறது, அந்தப் பயம் இருந்ததால்தான் அந்தப் பணிவுக்கு மதிப்பு இருந்தது என்றார். இன்றைக்குக் கோடரி இல்லை, ரோட்டில் போலீஸ் நிற்கிறது. ஆகவே இப்போது பாய் விரிப்பது செத்தவர் வீட்டுக்காக அல்ல, நீதிபதிக்காக என்றார். கூலி வாங்காத வக்கீல் இந்தப் பாய் என்று ஒரு நாள் சொன்னதை ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போது அவருக்கு இருந்தது சந்தோஷம். கைதட்டலின் ருசி. இப்போது அந்த ருசி வாயில் கசந்துகொண்டு கிடந்தது.

நேற்று லாங்கி வந்து அவர் வாசலில் நின்றபோது அவர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்.

"நான் போனா ஊரே சிரிக்கும்மா. வேற யாராவது பெரியவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"சிரிக்கட்டும் அத்தான். ரேடியோவுல பேசினதெல்லாம் ரேடியோவோட போகட்டும். எம்புள்ள உள்ள கிடக்கிறான்."

"புள்ளைக்காக வரச் சொல்றியா, செத்த பொண்ணுக்காக வரச் சொல்றியா?"

லாங்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடமாக அவருக்குக் கோகோ கலந்து கொடுத்தவள் அப்படி அவரைப் பார்த்ததே இல்லை.

"எனக்கு அதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது அத்தான். நீங்க படிச்சவங்க, நீங்க பிரிங்க."

ராத்திரி முழுக்கப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. எத்தனை பேரைக் கூண்டில் நிறுத்தி, இவனுடைய வருத்தம் மெய்யா பொய்யா என்று சாப்பாட்டு நேரத்துக்குள் முடிவுகட்டியிருக்கிறார்! தன் வருத்தத்தை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதற்குப் பின்னால் எலியாவின் முகம் நின்றது. எலியாவுக்குப் பின்னால் தன் கணக்கும், அந்தக் கணக்குப்படி குறையக்கூடிய வருடங்களும் நின்றன. கண்ணை மூடினாலும் அந்த எண் தெரிந்தது. பெப்பே அதற்கெல்லாம் பின்னால் எங்கேயோ இருந்தாள். அவளை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், வெள்ளை உடுப்பில், பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில். குரல் நினைவில்லை.

வெளிச்சம் வந்தது. பாயின் பின்னலுக்குள்ளே சின்னச் சின்னக் கண்ணாக மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. ரோட்டில் ஒரு வண்டி வந்து நின்று இன்ஜின் அணைந்தது. போலீஸ். முன்னாள் நீதிபதிக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அவர்களாகவே அனுப்பியிருக்கிறார்கள். அபேலுவுக்கு அழுகை வந்தது. போய்த் தொலையுங்களடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போயிற்று. இப்போது இந்தப் பாய் அவர் சொன்ன அதே பாய்தான். யாராவது ஒரு கல்லையாவது விட்டெறியட்டும் என்று அவர் மனதார வேண்டிக்கொண்டார். எந்தக் கல்லும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்து, வாசல் அருகில் பேச்சை நிறுத்தி, தாண்டிய பிறகு மறுபடியும் பேசினார்கள்.

படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. கனமான ஆள். தலித்தாவின் அண்ணன் இசாயா, அந்தக் குடும்பத்தின் தலைவர். பாய்க்குச் சற்றுத் தள்ளி நின்றார். செமிசியின் மூச்சு வேகமாயிற்று.

"ஐயா, உங்களை எனக்குத் தெரியும்," என்றார் இசாயா. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பாய்க்குள்ள இருந்தாலும் தெரியும். வாரா வாரம் நீங்க பேசுறதைக் கேக்குறவன் நான். எங்க வீட்ல எல்லாரும் கேப்போம். பெப்பேயும் கேப்பா. பாட்டுப் போடும்மான்னா, இருங்க மாமா, தாத்தா பேசி முடிக்கட்டும்னு சொல்லுவா."

அவர் ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"நீங்க சொன்னது சரின்னு நினைச்சவன் நான். பாய் விரிக்கிறது கோர்ட்டுக்காகன்னு சொன்னீங்க. எங்க ஊர்க் கூட்டத்துலகூட நான் அதைச் சொல்லி மத்தவங்களோட சண்டை போட்டேன். இப்ப நீங்களே வந்து உட்கார்ந்திருக்கீங்க. நான் இதைத் தூக்கினா அந்தப் பையனுக்கு எவ்வளவு குறையும்? உங்களுக்குத்தான் தெரியுமே. சொல்லுங்கய்யா."

எண் அவர் நாக்கு நுனியில் இருந்தது. பாய்க்கு அடியில் பேசக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையை இன்னும் தாழ்த்தினார்.

"சொல்ல மாட்டீங்க," என்றார் இசாயா. "தூக்கினா உங்க பேச்சுப்படி நான் ஏமாந்தவன். தூக்கலைன்னா நம்ம முன்னோர் வழக்கப்படி நான் கல்நெஞ்சக்காரன். என்னை நல்ல இடத்துல கொண்டுவந்து நிறுத்திட்டீங்கய்யா."

அவர் படியேறி உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறியது. பாய்க்குள் புழுக்கம் தாங்கவில்லை. செமிசி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவன் தோள் அபேலுவின் தோளில் இடித்தது. சாவு வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பாயைச் சுற்றிக்கொண்டு, நடுத்தெருவில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவது போல, உள்ளே போனார்கள். வீட்டுக்குப் பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. பிறகு முற்றத்தில் வெறுங்கால் சத்தம். பாயின் ஓரத்துக்கும் புல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வீங்கிய பாதங்கள், குதிகாலில் சேறு. லாங்கி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தலித்தா.

பாதங்கள் அசையாமல் நின்றன. பிறகு விறகுக் கட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"தலித்தா, அதைத் தொடாத!" படியிலிருந்து இசாயா கத்தினார். "தொட்டா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்!"

"வீட்ல விறகு இல்ல."

"நான் கொண்டுவரச் சொல்றேன்."

"வந்தவங்க பசியோட உட்கார்ந்திருக்காங்க. எம்பொண்ணு வர்றப்ப அடுப்பு எரியணும். ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் நீங்க பேசுங்க. எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. என்னை விடு."

பாதங்கள் போயின. பின்பக்கத்தில் விறகு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.

"எடுத்துட்டாங்க அத்தான்," லாங்கி மூச்சுக்குள்ளேயே சொன்னாள். "ஏத்துக்கிட்டாங்களா? சொல்லுங்க, ஏத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

ஏற்றுக்கொண்டதாக ஒரு தீர்ப்பு எழுதலாம். ஏற்றுக்கொள்ளவில்லை என்று அதைவிட நல்ல தீர்ப்பு ஒன்றும் எழுதலாம். இரண்டுக்கும் அவரிடம் வாசகங்கள் தயாராக இருந்தன. இரண்டிலும் அந்தப் பெண்ணின் வீங்கிய கால் வராது.

தலித்தா திரும்பி வந்தாள். இந்த முறை கற்களுக்கு. மடியில் அள்ளிக்கொண்டு போனாள், மறுபடியும் வந்தாள், மறுபடியும் போனாள். ஒவ்வொரு தடவையும் குவியல் குறைந்தது. பாதங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தன. விறகுப் புகை முற்றத்தில் இறங்கிப் பாய்க்குள்ளும் நுழைந்தது. செமிசி இருமலை அடக்கிக்கொண்டான்.

கடைசிக் கல் ஒன்று குவியலிலிருந்து உருண்டு, பாயின் சிவப்பு இறகுக்குக் கீழே, அபேலுவின் முழங்காலை ஒட்டிக் கிடந்தது. அவள் அதற்கும் வந்தாள். குனிந்தாள். அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. சாம்பல் ஒட்டிய கை ஒன்று பாயின் ஓரத்தை நோக்கி நீண்டது. இறகுகள் அசைந்தன. ஒரு கோடு வெளிச்சம் அவர் மடியில் விழுந்தது. லாங்கி விசும்பினாள்.

கை கல்லைத் தடவி எடுத்துக்கொண்டு வெளியே போனது. பாய் இறங்கி, புல்லில் மறுபடியும் படிந்தது.