அரிசி ஏற்றினால் அடங்கும் சத்தம்

ரியோங்குக்குப் பயம். அதை வெளியே சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய பயம். பகலாலன் மலையிலிருந்து லாவாஸ் டவுனுக்கு ஃபோர்வீல் வண்டி ஓட்டுகிறவன் பயந்துபோயிருக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால், அப்புறம் அவன் வண்டியில் கோழிகூட ஏறாது.

போன நடையில்தான் அது நடந்தது. தாங்கில் என்கிற செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டி தன் பாட்டுக்கு இடது பக்கம், பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. திருப்பவில்லை என்றுதான் நினைக்கிறான். அந்தச் சந்தேகம்தான் அவனைத் தின்றது. அவனுடைய அப்பாவுக்கும் இந்த வயதில்தான் கை நடுங்க ஆரம்பித்தது. பாவம், கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் குடிக்க முடியாமல் போனார். கோளாறு வண்டியிலா, தன் கையிலா? யாரைக் கேட்பது?

இன்றைக்குப் பின்னால் புது அரிசி மூட்டைகள். பக்கத்தில் மனைவி லிதாட், அவள் மடியில் பாப்பா. பாப்பாவுக்கு லாவாஸில் ஊசி போட வேண்டும். காலையிலிருந்து மழை விடாமல் பெய்தது. முன்னால் லிதாட்டின் அண்ணன் பாலாங்கின் வண்டியும் அரிசி மூட்டைகளோடு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

ஆற்றோரத்தில் புலான் அக்காவின் கடையில் எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். இலையில் பொதிந்த குழைந்த சோற்றை பாலாங் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். ரியோங்கின் பொதி பிரிக்காமலே கிடந்தது.

"என்ன மாப்ள, பேயைப் பாத்தவனாட்டம் உக்காந்திருக்கே?"

"இல்ல மச்சான்... வண்டி முன்னாடி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம்."

"இப்ப வருதா?"

"மூட்டை ஏத்தினதும் நின்னுருச்சு."

பாலாங் சிரித்த சிரிப்பில் சோறு தெறித்தது. "அவ்ளோதானே! அதுக்குப் பசிடா. அரிசி போட்டா வாயை மூடிக்கும். என் வண்டியும்தான் கத்துது, நான் என்ன ஒப்பாரியா வைக்கிறேன்?"

மலையில் எல்லா டிரைவர்களும் இப்படித்தான். காலி வண்டி கத்தினால் கண்டுகொள்ள மாட்டார்கள். பாரம் ஏற்றியதும் சத்தம் அடங்கினால், வண்டி குணமாகிவிட்டது என்று விசில் அடித்துக்கொண்டு போவார்கள். என்ன கணக்கோ, போங்கள்!

ரியோங் எழுந்தான். "மச்சான், இவளையும் பாப்பாவையும் உன் வண்டில ஏத்திக்கோ."

லிதாட் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"ஜன்னல்ல தண்ணி ஒழுகுது. பாப்பாவுக்கு ஆகாது."

"ஏறும்மா, ஏறு," என்றான் பாலாங். "நான் மிதிச்சா வண்டி நிக்கும். உன் வீட்டுக்காரன் மிதிச்சா ஜெபம்தான் நீளும்."

லிதாட் புருஷன் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, பாப்பாவைப் போர்த்திக்கொண்டு அண்ணன் வண்டியில் ஏறினாள். வண்டி வளைவில் மறைந்ததும் ரியோங்குக்கு மூச்சு வந்தது. அவர்கள் தப்பித்தார்கள். இனி தன் பாடு.

இன்றைக்கு இதைத் தீர்த்துக்கொள்ளாமல் நகருவதில்லை என்று முடிவுகட்டினான். சத்தத்தை அடக்கும் மூட்டைகளை இறக்கிக் கடைத் திண்ணையில் அடுக்கினான்.

"அக்கா, இந்த முன் சக்கரத்தையே பாத்துட்டு நில்லுங்க. நான் முன்னாடி போய் பிரேக் அடிப்பேன், பின்னாடி வந்து பிரேக் அடிப்பேன். சக்கரம் என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"சக்கரம் என்ன பண்ணும், சுத்தும்," என்றாள் புலான் அக்கா. ஆனாலும் குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

முன்னால் போய் மிதித்தான். டொக். பின்னால் வந்து மிதித்தான். டொக்.

"அய்யய்யோ! ஏம்ப்பா, வண்டி நின்னப்புறமும் இந்த சக்கரம் மட்டும் பின்னாடி போகுதே! எருமை பின்னுக்குக் கால் வைக்கிற மாதிரி!"

"நெசமாவா அக்கா? நல்லாப் பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வேணா பண்ணு."

ரியோங் இறங்கி, வண்டிக்குக் கீழே சேற்றில் படுத்து நுழைந்தான். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். அங்கே பொருத்தியிருக்கும் புஷ், அதாவது இரும்புக் குழலைச் சுற்றிய ரப்பர் உறை, நல்லதாக இருந்தால் கொஞ்சம் இளகி, பிடிவாதமாகத் திரும்பி வரும். இது கூழ் மாதிரி போய்விட்டது. ரப்பர் சுற்றிலும் கிழிந்து, நடுவிலிருந்த இரும்புக் குழல் தனியாக ஆடியது. பாரம் அழுத்தும்போது அந்த ஆட்டத்தின் சத்தம் கேட்காது, அவ்வளவுதான். பிரேக்கை மிதித்தால் சக்கரம் பின்னால் நழுவும், வண்டி பள்ளத்துக்கு இழுக்கும். கையில் இல்லை! கோளாறு கையில் இல்லை! சேற்றில் மல்லாந்தபடியே சிரித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கிழிசலை உற்றுப் பார்த்தான். தேய்ந்து கிழிந்த மாதிரி இல்லை. துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக் கிழிந்திருந்தது. புது புஷ் அது. அறுவடைக்கு முன்னால்தான் போட்டது. பாலாங்கின் எருமைக் கொட்டகையில், ஒரே நாளில், இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் போட்டார்கள். சக்கரம் தரையில் இருந்தால் கொட்டகையின் ஆழச் சேற்றில் புதையும், ஆள் கீழே நுழைய முடியாது. அதனால் ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கத் தொங்க, போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து அறுந்துவிடும். இறுக்கியது ரியோங். இரண்டு வண்டியிலும் அவன்தான்.

'என் வண்டியும்தான் கத்துது.'

கடையில் பாலாங் சொன்னது இப்போதுதான் ரியோங்குக்கு உறைத்தது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் தன் கையாலேயே அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறான்! வாக்கிடாக்கியில் கத்தினான். மலை மறைத்தது, கரகரப்புதான் வந்தது. மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

பிரேக்கை மட்டும் தொடக் கூடாது. லோ கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டான். சத்தத்தை அடக்க இப்போது அரிசி இல்லை. ஒவ்வொரு குழியிலும் டொக், டொக் என்று காலுக்கடியில் இடித்தது. ஆமை வேகம். வேகமாகப் போனால் அவன் போய்ச் சேரமாட்டான், மெதுவாகப் போனால் அவர்கள் இறக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். "ஆண்டவரே, மச்சான் ஜெபத்தை நீட்டும், அவன் ஜெபத்தை நீட்டும்," என்று வாய்விட்டு அழுதான். தாங்கில் இறக்கத்தின் உச்சியில் ஒரு சிலுவை நட்டிருக்கிறது. எந்த வண்டியும் அங்கே நின்று ஜெபிக்காமல் இறங்காது. ஆனால் பாலாங்கின் ஜெபம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அது ஊருக்கே தெரியும்.

கடைசி ஏற்றம் ஏறியது வண்டி. சிலுவை தெரிந்தது. அதன் பக்கத்தில் பாலாங்கின் வண்டி நின்றுகொண்டிருந்தது.

பாலாங் மழையில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். லிதாட் ஒரு மரக்கட்டையில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள், பாப்பா மார்போடு அணைந்து தூங்கியது.

"வாய்யா, வா! உன் பொண்டாட்டிக்குப் பைத்தியமா என்ன? ஜெபத்துக்கு எறங்கினவ திரும்ப ஏறவே மாட்டேங்குறா! நான் தொண்டை கிழியக் கத்துறேன்!"

ரியோங் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக மச்சானின் வண்டிக்கு அடியில் புகுந்தான்.

"டேய், என்னடா பண்றே? அங்க ஒண்ணும் இல்ல!"

"குனிஞ்சு பாரு."

பாலாங் குனிந்தான். ரியோங் நெம்பினான். ஆர்ம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது, முறுக்கிக் கிழிந்த ரப்பர் ஒரு துண்டு சேற்றில் விழுந்தது. பாலாங் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு எதிரே சரிந்து கிடந்த இறக்கத்தைப் பார்த்தான், கீழே ஆற்றைப் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"அரிசி ஏத்தினதும் நின்னுருச்சே மாப்ள," என்றான்.

ரியோங் லிதாட்டிடம் போனான். "நீ ஏன் ஏறல?"

"நம்ம ஜன்னல் ஒழுகல. எனக்கா தெரியாது? கொஞ்ச நாளா அடுப்புக்கு முன்னால உக்காந்து கையையே பாத்துட்டிருந்தியே, அதுவும் தெரியும்." அவள் குடையைப் பாப்பா பக்கம் சாய்த்தாள். "இந்த எறக்கத்துல நீ பயந்து பயந்துதான் எங்களை எறக்குவே. இவன் விசில் அடிச்சிட்டு வந்தான். எனக்கு அந்த விசிலைக் கேட்டுத்தான் பயம் வந்துச்சு."

இரண்டு வண்டிகளின் சக்கரங்களுக்கும் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். பாலாங் முன்னால் வழி பார்த்துக்கொண்டு போனான், அவன் விசில் அடிக்கவில்லை. பாப்பாவை ரியோங் வாங்கிக்கொண்டான். கை கிடுகிடுவென்று நடுங்கியது.

"குடு, நான் தூக்கிக்கிறேன்," என்றாள் லிதாட்.

"வேணாம். நடுங்கட்டும்," என்று சொல்லிப் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.